இரண்டால் பெருக்க மறந்தவன்

நான் இன்று உயிரோடு இருந்து இதை எழுதுவதற்குக் காரணம், ஒரு பௌதிகவியல் கணக்கைப் பிழையாகச் செய்ததுதான். படிப்புத்தான் பிள்ளைகளைக் காப்பாற்றும் என்று எங்கள் பக்கத்துப் பெற்றோர் எல்லாரும் நம்பினார்கள். என்னைக் காப்பாற்றியது படிப்பில் இருந்த ஓட்டை. வீட்டில் இதைப் பல வருடங்களாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். வெளியாட்களிடம் நானாக ஒப்புக்கொள்வது இதுதான் முதல் தடவை.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. சண்டை நடந்துகொண்டிருந்த தொண்ணூறுகள். பல்கலைக்கழகம் போவதற்கு எழுதும் ஏ.எல். சோதனைக்கு நான் கணிதப் பிரிவில் படித்துக்கொண்டிருந்தேன். மட்டக்களப்பு வாவிக்கு இரண்டு கரைகள். சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, விழும் பக்கம் படுவான்கரை. எங்கள் வீடு படுவான்கரையில், வட்டை என்று நாங்கள் சொல்லும் வயல்வெளியின் ஓரத்தில் இருந்தது. ஆமி முகாம் எழுவான்கரையில் இருந்தது. என் ரியூசன் வகுப்பும் அந்தக் கரையில்தான், களுவாஞ்சிக்குடியில். அதாவது ஷெல் அங்கிருந்து இங்கே வரும், நான் இங்கிருந்து அங்கே படிக்கப் போவேன். ஷெல்லை யாரும் வழியில் மறித்துச் சோதிப்பதில்லை. என்னை ஒவ்வொரு சனிக்கிழமையும் சோதிப்பார்கள்.

நான் பௌதிகவியலில் பெரிய ஆள் என்று எனக்கு ஒரு நினைப்பு. (வகுப்பில் ஒருவன் என்னைப் பௌதிகத்தில் புலி என்று சொன்னான். அந்தச் சொல்லை அந்தக் காலத்தில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை என்பதால், என் புகழ் அவனுக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்திருந்தது.) ஒரு சனிக்கிழமை எங்கள் ரியூசன் சேர் எறியம் என்ற பாடத்தைத் தொடங்கினார். ஒரு பொருளைச் சாய்வாக மேல்நோக்கி எறிந்தால் அது எவ்வளவு உயரம் போகும், எவ்வளவு தூரத்தில் விழும், எறிந்ததிலிருந்து விழும்வரை எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதுதான் பாடம். கடைசியில் சொன்னதற்குப் பறப்பு நேரம் என்று பெயர். பாடத்தை முடித்துவிட்டு சேர் வீட்டு வேலை ஒன்று தந்தார்.

"சூத்திரத்தைப் பாடமாக்கிப்போட்டு வந்து என்னட்ட ஒப்பிக்காதீங்க. உங்களைச் சுத்திவர நடக்கிறதைப் பாருங்க. வாற சனிக்கிழமை ஆளுக்கொரு கணக்கு, நீங்களே உண்டாக்கி நீங்களே செய்துகொண்டு வரோணும். நல்ல கணக்கை நான் போர்ட்டில போடுவன்."

போர்டில் என் கணக்கு. வலது பக்க வாங்கு முழுவதும் இருக்கும் பெண்பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதுவார்கள். இந்த ஒரு காட்சிக்காக நான் என்னவும் செய்யத் தயாராக இருந்தேன். மற்றவர்கள் என்ன கொண்டுவருவார்கள் என்றும் எனக்குத் தெரியும். ஒருவன் மாங்காய்க்குக் கல்லெறிவான். இன்னொருவன் கிரிக்கெட் பந்து அடிப்பான். தேங்காய் மரத்திலிருந்து நேரே கீழே விழுவதை எறியம் என்று எழுதிக்கொண்டுவரும் ஒருவனும் இருப்பான். சுற்றிவர நடப்பதைப் பார்க்கச் சொன்னால் இவர்களுக்கு மாங்காய்தான் தெரிகிறது என்று நான் இளக்காரமாக நினைத்தேன்.

எனக்கு ஷெல் தெரிந்தது.

அந்த வாரம் புதன்கிழமை பின்னேரம் எங்கள் பக்கம் ஷெல் அடித்தார்கள். அம்மாவும் நானும் பங்கருக்குள் இறங்கினோம். அம்மாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. வாவிக்கு அப்பால் 'டும்' என்று குத்தும் சத்தம் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டு "கண்ணகை அம்மாளே, கண்ணகை அம்மாளே" என்று சொல்லத் தொடங்குவார். ஒவ்வொரு தடவைக்கும் பெருவிரல் மற்ற விரல்களில் ஒரு கணு தள்ளும். ஷெல் எங்கேயாவது விழுந்து வெடித்ததும் நிறுத்துவார். வெடித்த சத்தம் காதில் விழுந்தால் அந்த ஷெல் எங்களுக்கு இல்லை என்று அர்த்தம். உடனே அடுத்ததற்குத் தயாராகிவிடுவார். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் இப்படி ஏதாவது ஒரு எண்ணிக்கை இருந்தது. அடுத்த வீட்டில் முருகனை எண்ணினார்கள்.

அன்று நான் மணிக்கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கண்ணகை அம்மாள் ஏறக்குறைய ஒரு செக்கன் வந்தது. எட்டு ஷெல் விழுந்தன. எட்டில் ஒவ்வொன்றுக்கும் அம்மா பதினாறு தடவைதான் சொன்னார்.

"என்ன மனே மணிக்கூட்டையே பாக்காய், எங்கயும் போகோணுமா?" என்று கேட்டார் அம்மா.

"படிக்கன்" என்றேன்.

அதற்குப் பிறகு அம்மா என்னைக் குழப்பவில்லை. படிக்கிற பிள்ளையைக் குழப்பக்கூடாது என்பதில், பங்கருக்குள்ளும் அவர் கண்டிப்பாக இருந்தார்.

ஷெல் ஓய்ந்ததும் கணக்கில் இறங்கினேன். பழைய அட்லஸ் ஒன்றில் அடிமட்டத்தை வைத்து, முகாமிலிருந்து எங்கள் வட்டைக்கு நாலரைக் கிலோமீற்றர் என்று கண்டுபிடித்தேன். நாற்பத்தைந்து பாகையில் எறிந்தால் ஆகக் கூடிய தூரம் போகும் என்று சேர் சொல்லியிருந்தார். அதனால் கோணம் நாற்பத்தைந்து. (முகாம்காரர்களும் சேரிடம்தான் படித்திருப்பார்கள் என்று நினைத்தேன் போலிருக்கிறது.) காற்றுத் தடையைப் புறக்கணிக்கவும் என்று பாடநூல் சொன்னது, புறக்கணித்தேன். அந்த வயதில் அதைவிடப் பெரிய பல விசயங்களையும் புறக்கணித்துக்கொண்டுதான் இருந்தேன். வேகம் செக்கனுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு மீற்றர் என்று வந்தது. கடைசியாகப் பறப்பு நேரத்தைக் கண்டேன். பதினைந்து செக்கன்.

அம்மா பதினாறு, நான் பதினைந்து. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பெரிய விஞ்ஞானிகளுக்குக்கூட முதல் தடவையிலேயே இவ்வளவு கிட்ட வந்திருக்காது. கொப்பியில் ஒரு முழுப் பக்கத்துக்கு வளைகோடு கீறினேன். ஒரு முனையில் 'முகாம்' என்றும் மறுமுனையில் 'எங்கள் வட்டை' என்றும் முத்துமுத்தான எழுத்தில் எழுதினேன். கோணத்தையும் தூரத்தையும் வேகத்தையும் குறித்தேன். எதிர்ப்பக்கத்தில் கணக்கின் படிகளையும், அதன் கீழே 'பரிசோதனை முடிவு. அம்மாவின் கணக்கு: 16 கண்ணகை. 1 கண்ணகை = 1 செக்கன். ஒரு செக்கன் வித்தியாசத்துக்குக் காரணம் அம்மா இழுத்துச் சொல்வது' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

ஆமி முகாமிலிருந்து ஷெல் போகும் பாதையை, தூரத்தோடும் கோணத்தோடும் படமாகக் கீறி, அதை ஒரு சோதனைச் சாவடி வழியாக நானே சுமந்துகொண்டு போகப் போகிறேன் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. எனக்கு அது வீட்டு வேலை.

அம்மாவுக்கும் ஏறவில்லை. சனிக்கிழமைகளில் அம்மா களுவாஞ்சிக்குடிச் சாப்பாட்டுக் கடை ஒன்றுக்குத் தயிர் கொண்டுபோவார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே வாவியைக் கடப்போம். (ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் பெரிய மிதவையை எங்கள் பக்கத்தில் பாதை என்போம்.) புறப்படுமுன் அம்மா என் பையைக் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பற்றரி இருக்கிறதா, வயர்த் துண்டு இருக்கிறதா, ஆணி இருக்கிறதா என்று தேடுவார். ஆமிக்காரர் பார்க்குமுன் அம்மா பார்த்துவிட்டால் எங்களுக்கு ஒரு நிம்மதி. அன்று கொப்பியைத் தூக்கி இரண்டு தரம் உதறினார். ஒன்றும் விழவில்லை. மறுபடி பைக்குள் வைத்துவிட்டார்.

எழுவான்கரையில் இறங்கியதும் வரிசையில் நின்றோம். முதலில் அம்மாவின் தயிர்ச் சட்டிகள். அவற்றுக்குள் என்ன ஒளித்திருக்கிறது என்று பார்க்கச் சைக்கிள் கம்பி ஒன்றை நடுவே விட்டுக் கிண்டுவார்கள். அம்மாவின் தயிருக்கு எப்போதும் நடுவில் ஒரு ஓட்டை இருக்கும், கடைக்காரரும் அதைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டார். அடுத்தது என் பை. சிப்பாய் கொப்பியை விரித்தார். நான் விரித்து அழுத்திக் கீறிய பக்கம் என்பதால் கொப்பி நேரே அங்கேயே விரிந்தது.

அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் வளைகோட்டுக்கு மொழி இல்லை. அதை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார், பிறகு துவக்கைத் தோளிலிருந்து கழற்றினார்.

என்னைச் சாவடிக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டிலுக்குக் கொண்டுபோய் ஒரு மரப்பெட்டியில் இருத்தினார்கள். அம்மா தயிர்ச் சட்டிகளோடு வாசலில் நின்றார். கொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு டிரக் நின்றது. தினமும் நாலு மணிக்கு அது டவுனுக்குப் போகும். சந்தேகத்தில் பிடித்தவர்களை அதில்தான் ஏற்றுவார்கள். அதில் ஏறியவர்களில் சிலர் அடுத்த கிழமை வீட்டுக்கு வந்தார்கள். சிலர் வரவில்லை. எங்கள் ஊரில் இரண்டு வீடுகளில் அப்படி வராதவர்களுக்காக இன்னும் காத்திருந்தார்கள். அம்மாவின் கண் அந்த டிரக்கை விட்டு அசையவில்லை. அப்போது நேரம் ஒன்றரை.

எனக்குப் பயமாக இருந்ததா? இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், மூன்று மணிக்கு வகுப்புத் தொடங்கிவிடுமே, கல்லெறிந்த மாங்காய் போர்டில் ஏறிவிடுமே என்ற கவலையும் பக்கத்திலேயே இருந்தது. பத்தொன்பது வயது அப்படிப்பட்டது.

மொழிபெயர்க்க இஸ்மாயில் காக்காவைக் கூப்பிட்டார்கள். அவர் காத்தான்குடி முஸ்லிம், அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். சனிக்கிழமைகளில் பாதையடியில் சாரமும் சட்டைத் துணியும் விற்க வருவார். சிங்களம் நன்றாகத் தெரியும். தோளில் மூன்று சாரத்தோடு வந்து, என்னைக் கண்டதும் அவற்றை மெதுவாகக் கீழே வைத்தார்.

"என்ன வேல பாத்தாய் தம்பி?"

"வீட்டு வேலை காக்கா."

கொப்பியை வைத்துக்கொண்டு விசாரித்தவர் ஒரு சார்ஜன்ட். படத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கத்து எழுத்தை வாசித்துச் சொல்லும்படி காக்காவிடம் கேட்டார். காக்கா வாசித்தார். சார்ஜன்டின் முகம் இறுகியது.

"தம்பி, அம்மா எண்டா ஆரெண்டு கேக்கார். தலைமையில இருக்கிற ஆளோ எண்டு கேக்கார்."

"எங்கட அம்மா காக்கா. வாசல்ல தயிரோட நிக்கிறா."

"கண்ணகை எண்டா ஆர்? எங்க இருக்கா? பதினாறு பேரோ எண்டு கேக்கார்."

பதினாறு பெண்களைக் கொண்ட ஒரு அணிக்கு நான் நேரம் குறித்துக் கொடுத்திருப்பதாக அவர் நினைத்திருந்தார். இதை எப்படி விளக்குவது என்று நான் திணறிக்கொண்டிருக்கையில் காக்காவே கையைக் கூப்பிக் காட்டி "பத்தினி தெய்யோ" என்றார். சிங்களத்தில் கண்ணகைக்கு அதுதான் பெயர். அவர்களும் கும்பிடும் தெய்வம். சார்ஜன்ட் உடனே தொப்பியைத் தொட்டுக்கொண்டார். ஆனால் சந்தேகம் தீரவில்லை. தெய்வத்துக்கும் ஷெல்லுக்கும் என்ன தொடர்பு என்பது அவருடைய அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான்.

கடைசியில் முகாமிலிருந்து ஒரு லெப்டினன்ட் வந்தார். அவர் வந்து சேர மூன்று மணி ஆகிவிட்டது. என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். நெற்றியில் பரு இருந்தது. கொப்பியை வாங்கி, நின்றபடியே பார்த்தார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். தமிழ் எழுத்துகளைத் தாண்டிப்போய் u, g, கோணம், வேகம் என்று விரலை வைத்துக்கொண்டு போனார். அவரும் ஒரு காலத்தில் இதே ஏ.எல். சோதனையைச் சிங்களத்தில் எழுதியவர் என்பது அவர் விரல் போன விதத்திலேயே தெரிந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்த ஒரே மொழி அந்தச் சூத்திரம்தான். விரல் கடைசி வரியில் வந்து நின்றது. பதினைந்து செக்கன்.

அவர் புருவத்தைச் சுருக்கிக் காக்காவிடம் ஏதோ சொன்னார்.

"இது ஆர் செஞ்ச கணக்கு எண்டு கேக்கார்."

இந்த இடத்தில்தான் அம்மா உள்ளே வந்தார். யாரும் கூப்பிடவில்லை. சிப்பாய் மறித்ததையும் பொருட்படுத்தாமல், ஒரு தயிர்ச் சட்டியை மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கூப்பினார்.

"ஐயா, இவன் ஒண்டுக்கும் உதவாத மொக்கன் ஐயா. சின்னனில இருந்தே கணக்கு வராது. வாத்திமாரிட்டக் கேட்டுப் பாருங்க. இவன் கீறினத ஒரு கணக்கெண்டு எடுக்காதீங்க."

இதைக் கேட்டு நான் நன்றியோடு தலையைக் குனிந்திருக்க வேண்டும். மூளை உள்ள எவனும் அதைத்தான் செய்திருப்பான். எனக்கோ காது சிவந்துவிட்டது.

"நான் ஒண்டும் மொக்கன் இல்ல. போன தவணை வகுப்பில நாந்தான் முதல். இந்தக் கணக்குச் சரி. காக்கா, சொல்லுங்க அவருக்கு."

"இத நான் சொல்ல மாட்டன்" என்றார் காக்கா பல்லைக் கடித்துக்கொண்டு. "உன்ட உம்மா உன்னக் காப்பாத்தப் பாக்கா. கொஞ்சம் வாய மூடிக்கிட்டிரி."

ஆனால் எனக்குச் சிங்களத்தில் ஒரு சொல் தெரியும். 'ஹரி' என்றால் சரி. நான் கணக்கைத் தொட்டுக் காட்டி "ஹரி சேர், ஹரி" என்றேன். என்னை டிரக்கில் ஏற்றுவதா இல்லையா என்று தீர்மானிக்க வந்தவரிடம், ஷெல் அடிக்கும் கணக்கு எனக்குச் சரியாகத் தெரியும் என்று அடித்துச் சொன்னேன். அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

லெப்டினன்ட் கதிரையை விட்டு எழுந்தார். பிறகு வெளியே குனிந்து ஒரு சின்னக் கல்லை எடுத்துவந்தார். என் கண் முன்னால் அதை மேலே எறிந்தார். கல் மேலே போகும்போது கொப்பியில் என் பதினைந்தைத் தொட்டுக் காட்டினார். கல் கீழே வந்து கையில் விழுந்தது. உள்ளங்கையை விரித்து, இது என்ன என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

எனக்கு விளங்கவில்லை. இரண்டாம் தரமும் எறிந்தார். அப்போதுதான் பிடிபட்டது. நான் கண்டுபிடித்த பதினைந்து செக்கன் மேலே போகிற நேரம் மட்டும். உச்சிக்குப் போன ஷெல் கீழே வரவும் இன்னொரு பதினைந்து செக்கன் வேண்டும். சூத்திரத்துக்கு முன்னால் ஒரு இரண்டு இருக்கிறது. அதை நான் விட்டுவிட்டேன். என் கணக்கின்படி அம்மாவும் நானும் பங்கருக்குள் ஒளிந்திருக்கத் தேவையே இல்லை. எல்லா ஷெல்லும் வாவிக்கு மேலே ஆகாயத்தில் அப்படியே நின்றிருக்கும்.

லெப்டினன்ட் சிரித்தார். சார்ஜன்டுக்கு விளக்கினார், அவரும் சிரித்தார். என்னை வாசலில் பிடித்த சிப்பாய் கல் எறிந்து காட்டாமலே சிரித்தார். காக்கா எதற்கென்று தெரியாமல் பாதுகாப்புக்காகச் சிரித்தார். அம்மா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போதாவது நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"அப்ப அம்மா எப்பிடிப் பதினாறு எண்ணினவ? முப்பதெல்லோ வரோணும்? எட்டு ஷெல்லுக்கும் பதினாறுதான். நான் மணிக்கூடு வச்சுப் பாத்தனான். கேளுங்க காக்கா."

காக்கா அரைமனதோடு கேட்டார். லெப்டினன்டின் சிரிப்புக் குறைந்தது. கணக்கின் கீழே இருந்த பதினாறைப் பார்த்தார். மேசையில் கிடந்த சிவப்புப் பேனையை எடுத்து ஓரத்தில் எழுதத் தொடங்கினார். நாலாயிரத்து ஐந்நூறு மீற்றரை முன்னூற்று முப்பதால் பிரித்தார். சத்தம் ஒரு செக்கனில் போகும் தூரம் அந்த முன்னூற்று முப்பது. விடை பதின்மூன்றரைக்குச் சற்று மேல். அதை முப்பதிலிருந்து கழித்தார்.

பதினாறும் கொஞ்சமும் வந்தது.

யாரும் மொழிபெயர்க்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. 'டும்' என்ற சத்தம் முகாமிலிருந்து எங்கள் காதுக்கு வரவே பதின்மூன்றரைச் செக்கன் ஆகிறது. அதுவரை ஷெல் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கிறது. அம்மா முதலாவது கண்ணகையைச் சொல்லும்போது அது அநேகமாக உச்சிக்கு வந்துவிட்டது. சுடுகிறவருக்குப் பறப்பு நேரம் முப்பது செக்கன். விழுகிற இடத்தில் இருப்பவருக்குப் பதினாறு. இரண்டால் பெருக்க மறந்தது, சத்தம் பிந்துவதை மறந்தது என்ற என் இரண்டு பிழைகளும் ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுத்து நின்றதால்தான் எனக்கு அவ்வளவு திமிர் வந்திருந்தது.

லெப்டினன்டும் அந்தப் பதினாறையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை நிமிர்த்தி, தகரக் கதவின் வழியே வாவிக்கு அப்பால், எங்கள் கரைப் பக்கம் பார்த்தார். அவருடைய முகத்தில் சிரிப்பு இல்லை. இந்தக் கணக்கை அவர் தினமும் செய்திருப்பார். மறு கரையில் இருந்து எண்ணிப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை என்று எனக்குத் தோன்றியது. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, அதே நேரம் அவருடைய பருவைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததை இன்றுவரை என்னால் சரிக்கட்ட முடியவில்லை.

நிலத்தில் இருந்த அம்மாவைக் காட்டி, இவர்தான் அம்மாவா என்று கேட்டார். காக்கா ஓம் என்றார். லெப்டினன்ட் 'அம்மாவின் கணக்கு: 16' என்பதற்கு நேரே பெரிதாக ஒரு சரி போட்டார். என் பதினைந்துக்கு முன்னால் 2 என்று எழுதி வட்டமிட்டு, கீழே பத்துக்கு மூன்று புள்ளி போட்டார். படம் கீறிய தாளைக் கிழித்து மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கொப்பியை என்னிடம் நீட்டிச் சுருக்கமாக ஏதோ சொன்னார்.

"போகட்டாம்" என்றார் காக்கா. குரல் தளர்ந்திருந்தது. "இந்தக் கணக்கோட நீ எத எறிஞ்சாலும் அது கீழ வராதாம். உன்ன டிரக்கில ஏத்தினா டவுனில தன்னயப் பாத்துத்தான் சிரிப்பாங்களாம்."

வெளியே வந்தபோது நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. டிரக் இயந்திரத்தை உறுமவிட்டுக்கொண்டிருந்தது. அம்மா என் முழங்கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. தயிர்ச் சட்டி ஒன்று மேசையிலேயே நின்றுவிட்டதை இருவருமே நினைக்கவில்லை. டிரக் என்னை ஏற்றாமல் சாலையில் போய் மறைந்த பிறகுதான் அம்மா கையை எடுத்தார்.

அதற்குப் பிறகும் நான் ரியூசனுக்குப் போனேன் என்றால் நம்புவீர்களா? வகுப்பு முடிகிற நேரம். போர்டில் மாங்காய் இருந்தது. சேர் என் கொப்பியைப் பார்த்து, "இது ஆர் திருத்தினது?" என்று கேட்டார்.

"ஆமி, சேர்."

சேர் கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். "நல்லாத்தான் திருத்தியிருக்கார்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கொப்பியை மூடித் தந்தார். அடுத்த கிழமை அவர் எறியம் பாடத்தை நிறுத்தி வெப்பத்தைத் தொடங்கிவிட்டார்.

கடைசிப் பாதையில் திரும்பும்போது அம்மா கேட்டார், "எனக்கென்னத்துக்கு மனே சரி போட்டவன்?"

நான் விளங்கப்படுத்தினேன். சத்தம் பிந்தி வருவதை, அது வருமுன்பே ஷெல் பாதி வழி வந்துவிடுவதை எல்லாம் சொன்னேன். அம்மா வாவியைப் பார்த்தபடி பெருவிரலால் கணுக்களைத் தள்ளி எண்ணிப் பார்த்தார்.

"அப்ப இவ்வளவு காலமும் நாங்க பாதிக்குத்தான் கும்பிட்டிருக்கம்" என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பின்னேரம் மறுபடி ஷெல் அடித்தார்கள். எங்கள் கணக்கைத் திருத்தியவரும் அங்கே நின்றிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். பங்கருக்குள் அம்மா 'டும்' சத்தத்துக்காகக் காத்திருக்கவில்லை. வெடித்த சத்தம் அடங்குமுன்பே அடுத்ததற்குச் சொல்லத் தொடங்கிவிட்டார். நான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது. சரி போட்ட கணக்கு சரியாகவே வந்து விழுந்துகொண்டிருந்தது.

இன்று நான் ஒரு அரசாங்கக் கந்தோரில் நெல் மானியப் படிவங்களைச் சரிபார்க்கிறேன். பௌதிகவியல் என்னைக் கைவிட்டது எறியத்தில் அல்ல, மின்னியலில். ஆனால் அதை யாரும் நினைவு வைத்திருக்கவில்லை. வீட்டில் நான் எந்த எண்ணைச் சொன்னாலும் இரண்டால் பெருக்குகிறார்கள். பத்து நிமிடத்தில் வருகிறேன் என்றால் என் மனைவி இருபது நிமிடம் கழித்துத்தான் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுவாள். பத்துப் பேர் சாப்பிட வருகிறார்கள் என்றால் இருபது பேருக்கு உலை வைப்பாள். (மோசம் என்னவென்றால், அநேகமாக அவள்தான் சரி.) நான் எங்காவது போய்ப் பிந்தினால், "ஆள் இன்னும் மேலதான் நிக்குது, கீழ இறங்கல்ல" என்பாள்.

அந்தக் கொப்பியில் மிஞ்சிய எதிர்ப்பக்கத்தை அம்மா அன்றே கிழித்து எடுத்துக்கொண்டார். கண்ணகை அம்மன் படத்தின் கண்ணாடிக்குள், சிவப்புச் சரி வெளியே தெரியும்படி செருகி வைத்திருக்கிறார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாழ்க்கையில் அவர் பாசான ஒரே சோதனை அதுதான். வீட்டுக்கு யார் வந்தாலும் படத்தைக் காட்டிக் கதையை முதலிலிருந்து சொல்வார். என் பத்துக்கு மூன்றை ஒரு தடவையும் விட்டதில்லை. கேட்பவர்கள் சிரித்து ஓய்ந்ததும், கண்ணாடியில் விரலை வைத்து, "நான் எண்ணினது பாதிதான், எண்டாலும் பிழையில்ல எண்டு சுட்டவனே எழுதித் தந்திரிக்கான்" என்பார்.